இணையத்தளப் படங்கள் தேடுவோரைச் சென்றடைய: சிறு வணிகர்களுக்கும் சமூக அமைப்புகளுக்கும் ஒரு பாடம்

தீபாவளிக்கு இரண்டு வாரங்கள் இருக்கையில், மேற்குச் சிட்னியில் வாழும் குடும்பம் ஒன்று பயற்றம் பணியாரம் வாங்க விரும்புகிறது என்று கொள்வோம். இங்கு பிறந்து வளர்ந்த மகளுக்கு அப்பண்டத்தின் பெயரைத் தமிழில் எழுதத் தெரியாது. ஆனால் அம்மம்மா செய்து தந்த அதன் உருவம் நன்றாக நினைவில் இருக்கிறது. கைத்தொலைபேசியில் படத்தேடலைத் திறந்து, பெயரை ஆங்கில எழுத்துகளில் ஒருவாறு தட்டச்சுச் செய்து, தோன்றும் படங்களைப் பார்க்கிறாள். இரண்டு தெருக்களுக்கு அப்பால் வாழும் ஒரு பெண்மணி அதே பணியாரத்தை வீட்டிலிருந்து செய்து விற்கிறார். உணவு வணிகம் பற்றி நகரசபைக்கு முறைப்படி அறிவித்தும் இருக்கிறார். அவருடைய இணையத்தளத்தில் பதினான்கு அழகிய படங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றேனும் அம்மகளின் தேடலில் தோன்றவில்லை. வாங்க விரும்பியவரும் விற்கக் காத்திருந்தவரும் ஒருவரையொருவர் அறியாமலே பண்டிகை கடந்துவிடுகிறது.

இத்தகைய இழப்புக்குக் காரணம் பெரும்பாலும் பணப் பற்றாக்குறையோ தொழிற்றிறன் இன்மையோ அன்று. படத்தோடு சேர்க்கப்பட வேண்டிய சில சொற்கள் சேர்க்கப்படாமையே. அச்சொற்கள் யாவை, அவற்றை எங்கே, எவ்வாறு எழுதுவது என்பவற்றையும், படங்களை வெளியிடுமுன் கவனிக்க வேண்டிய உரிமை, தனியுரிமை ஆகியவற்றையும் இப்பாடம் விளக்குகிறது. வீட்டுவழி வணிகம் நடத்துவோர், நடன, இசை வகுப்புகள் நடத்துவோர், ஆலயங்கள், தமிழ்ப் பாடசாலைகள், முதியோர் சங்கங்கள் ஆகியவற்றின் இணையத்தளங்களைப் பராமரிக்கும் தொண்டர்கள் ஆகியோருக்கு இது பயன்படும்.

1. தேடுபொறி ஒரு படத்தை எவ்வாறு அறிகிறது?

கூகிள் நிறுவனம் படங்களுக்கெனத் தனியான தேடலை 2001 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஆரம்பித்தது. அக்காலத்தில் இயந்திரத்துக்குப் படத்தின் உள்ளே இருப்பதை உணரும் ஆற்றல் மிகக் குறைவு. படத்தைச் சூழ்ந்துள்ள சொற்களே அதற்கு வழிகாட்டின. இன்று படத்திலுள்ள உருவங்களை இனங்காணும் கணினி முறைகள் பெரிதும் வளர்ந்துள்ளன. தட்டில் உருண்டையான, பொரித்த பண்டம் ஒன்று இருப்பதை இயந்திரம் இப்போது உணரக்கூடும். ஆயினும் அது பயற்றம் பணியாரமா, சுசியமா, போண்டாவா என்பதையும், அதனை யார், எந்த ஊரில் விற்கிறார் என்பதையும் சொற்களே உறுதிப்படுத்துகின்றன.

தேடுபொறி கவனிக்கும் சொற்கள் முக்கியமாக நான்கு இடங்களில் உள்ளன: படக்கோப்பின் பெயர், படத்துக்கான மாற்றுரை, படத்தின் அருகிலுள்ள குறிப்பும் பத்தியும், படம் இடம்பெறும் பக்கத்தின் தலைப்பு. இவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

2. கோப்பின் பெயர்

கைத்தொலைபேசியோ கமராவோ எடுக்கும் படத்துக்குச் சில எழுத்துகளும் ஓர் இலக்கமும் சேர்ந்த பெயர் தானாகவே இடப்படுகிறது. அப்பெயர் எவருக்கும் எதையும் உணர்த்துவதில்லை. படத்தைத் தளத்தில் ஏற்றுமுன்னரே அதனை மாற்றிவிடுதல் வேண்டும். பண்டத்தின் பெயர், அதன் தன்மை, தேவையாயின் ஊர்ப்பெயர் என மூன்று அல்லது நான்கு சொற்கள் போதும்.

கோப்பின் பெயரைத் தமிழிலும் எழுதலாம். எனினும் இணைய முகவரியில் அது நீண்ட குறியீட்டுத் தொடராக மாறித் தோன்றக்கூடும். சில மென்பொருள்களில் சிதைவதும் உண்டு. எனவே கோப்பின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்துகளில் எழுதி, தமிழை ஏனைய இடங்களில் நிறைவாகப் பயன்படுத்துவது நடைமுறையில் இலகுவானது. சொற்களுக்கிடையே வெற்றிடமோ அடிக்கோடோ விடாமல் சிறிய இணைகோடு இடுதல் நன்று. சொற்களைப் பிரித்துக்காட்ட இணைகோட்டையே கூகிள் பரிந்துரைக்கிறது.

ஏற்கெனவே வெளியான படங்களின் பெயர்களை ஒரே நாளில் மாற்றிவிட முற்படுதல் கூடாது. கோப்பின் பெயர் மாறினால் படத்தின் முகவரியும் மாறும். பழைய முகவரியிலிருந்து புதியதற்கு வழிமாற்றம் செய்யாவிடின், தேடலில் அப்படம் அதுவரை பெற்றிருந்த இடமும் இழக்கப்படலாம். பழைய படங்களுக்கு மாற்றுரையைச் சேர்த்துவிட்டு, பெயரிடும் முறையைப் புதிய படங்களிலிருந்து தொடங்குவதே பாதுகாப்பானது.

3. மாற்றுரை: இருவருக்குப் பயன்படும் ஒரு வரி

ஆங்கிலத்தில் ஆல்ட் டெக்ஸ்ட் எனப்படும் மாற்றுரை, படத்துக்குப் பதிலாக நிற்கும் ஒரு வரி. பக்கத்தில் அது பொதுவாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. படம் தோன்றாதபோது அவ்விடத்தில் அது தோன்றும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பி மென்பொருள் அதனை உரக்க வாசிக்கும். தேடுபொறியும் படத்தின் பொருளை அறிய அதனையே பெரிதும் நாடுகிறது. இணையத்தளம் அமைக்கும் மென்பொருள்கள் பெரும்பாலானவற்றில், படத்தை ஏற்றும்போது மாற்றுரைக்கான ஒரு பெட்டி காணப்படும். அதனை வெறுமையாக விட்டுவிடுவதே பலருடைய வழக்கம்.

அவ்வாறு விடுவதால் நேரும் விளைவு இந்நகரிலேயே ஒரு வழக்கில் ஆராயப்பட்டிருக்கிறது. 2000 ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளுக்கு முன்னர், பார்வையற்றவரான புரூஸ் மக்குவயர் என்பவர், சிட்னி ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவின் இணையத்தளத்தைத் தம்மால் பயன்படுத்த இயலவில்லை என 1999 ஆம் ஆண்டில் முறைப்பாடு செய்தார். தளத்திலிருந்த படங்கள் பலவற்றுக்கு மாற்றுரை இல்லாமை அம்முறைப்பாட்டின் முதன்மையான விடயங்களுள் ஒன்று. அந்நாளைய மனித உரிமைகள் மற்றும் சமவாய்ப்பு ஆணைக்குழு, 1992 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாட்டுச் சட்டத்தின் கீழ் அவருக்குச் சார்பாக 2000 ஓகஸ்ட் 24 ஆம் திகதி தீர்மானித்தது. போட்டிகள் ஆரம்பமாகும் செப்டெம்பர் 15 ஆம் திகதிக்குள் குறைகளைச் சீர்செய்யுமாறும் பணித்தது. அப்பணிப்பு முழுமையாக நிறைவேற்றப்படாமையால், அதே ஆண்டு நவம்பரில் 20,000 டொலர் இழப்பீடு விதிக்கப்பட்டது.

அச்சட்டம் பெரிய நிறுவனங்களை மட்டும் நோக்கியதன்று. பொருள்களையும் சேவைகளையும் பொதுமக்களுக்கு வழங்குவோர் யாவரும் அதன் நோக்கத்தை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். மேலும், நம் சமூகத்து முதியவர்களுள் நீரிழிவினாலும் பிற நோய்களாலும் பார்வை குன்றியோர் உள்ளனர். கட்டணமின்றிப் பெறக்கூடிய என்விடிஏ என்னும் திரைவாசிப்பி, பார்வையற்ற அவுஸ்திரேலியர் இருவரால் 2006 ஆம் ஆண்டில் உருவாக்கத் தொடங்கப்பட்டது. அதன் துணையுடன் தமிழையும் செவிவழியாக வாசிக்க இயலும். ஆலய நிகழ்ச்சி நிரல் ஒன்று வெறும் படமாக வெளியிடப்பட்டால், அத்தகைய முதியவருக்குக் கேட்பது 'படம்' என்ற ஒரு சொல் மட்டுமே.

நல்ல மாற்றுரை எத்தகையது என்பதைப் பின்வரும் மூன்றையும் ஒப்பிட்டு அறியலாம்.

• போதாதது: "இனிப்பு"
• மிகையானது: "பணியாரம் பயற்றம் பணியாரம் சிட்னி பணியாரம் மலிவு இனிப்பு தீபாவளி இனிப்பு சிறந்த இனிப்பு"
• ஏற்றது: "வாழையிலையில் அடுக்கிய பொன்னிறப் பயற்றம் பணியாரங்கள், ஒன்று உடைக்கப்பட்டு உள்ளேயுள்ள பயற்றம்மாவும் தேங்காய்ப்பூவும் தெரிகின்றன"

முதலாவது எதனையும் பிரித்துக் காட்டவில்லை. இரண்டாவது தேடுபொறியை ஏமாற்ற முயல்கிறது. இவ்வாறு சொற்களைத் திணிப்பதைத் தவிர்க்குமாறு கூகிள் வெளிப்படையாகவே கூறுகிறது. அதனைச் செவிவழிக் கேட்பவருக்கும் அது துன்பமே. மூன்றாவதைக் கேட்கும் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டே படத்தைக் காண்கிறார். தொலைபேசியில் உரையாடும் ஒருவருக்குப் படத்தை ஒரு வாக்கியத்தில் எடுத்துரைப்பதாயின் எதைச் சொல்வோமோ அதுவே மாற்றுரை.

'இது ஒரு படம்' என்று தொடங்க வேண்டியதில்லை; அது படம் என்பதைத் திரைவாசிப்பியே அறிவித்துவிடும். கோலக்கரை, பூ ஓரம் போன்ற வெறும் அலங்காரப் படங்களுக்கு மாற்றுரையை வெறுமையாக விடுவதே முறை. மாற்றுரை எந்த மொழியில் இருத்தல் வேண்டும் என்று சிலர் ஐயுறுவர். பக்கம் எம்மொழியில் உள்ளதோ அம்மொழியிலேயே எழுதுவது பொருத்தமானது. தமிழ்ப் பக்கத்தின் மொழி தமிழ் என்று தளத்தின் அமைப்பில் குறிக்கப்பட்டிருத்தலும் வேண்டும். அன்றேல் திரைவாசிப்பி தமிழ் வரிகளை ஆங்கிலக் குரலில் வாசிக்க முற்பட்டுத் தடுமாறும்.

4. படத்தைச் சூழ்ந்துள்ள சொற்கள்

படம் தனித்து நிற்பதில்லை. அது இருக்கும் இடமும் அதன் பொருளை உணர்த்துகிறது. பதினான்கு பண்டங்களின் படங்களையும் 'எமது படத்தொகுப்பு' என்ற ஒரே பக்கத்தில் குவித்து வைத்தால், அப்பக்கம் எதைப் பற்றியது என்பது எவருக்கும் விளங்காது. பணியாரத்துக்கு ஒரு பக்கம், அரியதரத்துக்கு ஒரு பக்கம், முறுக்குக்கு ஒரு பக்கம் எனப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உரிய படத்தை மேற்பகுதியில் வைத்து, அதன் கீழ் ஒரு குறிப்பும் சிறு பத்தியும் எழுதுதல் நலம். எப்பொருள்களால் செய்யப்படுகிறது, எத்தனை நாள் கெடாதிருக்கும், எப்பகுதிகளுக்குக் கொண்டுவந்து தரப்படும், எத்தனை நாள்களுக்கு முன் சொல்லிவைக்க வேண்டும் என்பன அப்பத்தியில் இடம்பெறலாம். வாங்குவோர் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளே தேடுபொறிக்கும் வேண்டிய சொற்களாகும்.

தமிழ்ப் பெயர்களைப் பொறுத்தவரை மேலும் ஒரு சிக்கல் உண்டு. பயற்றம் பணியாரம் என்பதைச் சிலர் பயத்தம் பணியாரம் என எழுதுவர். ஆங்கில எழுத்துகளில் எழுதும்போது ஆளுக்கு ஒரு விதம். மேலே கூறிய மகளைப் போன்றோர் எந்த விதத்தில் தேடுவர் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆகையால் பக்கத்தின் தலைப்பில் ஒரு வடிவத்தையும், 'பயத்தம் பணியாரம் என்றும் இதனை வழங்குவர்' என்பது போன்ற வாக்கியத்தில் மற்றொரு வடிவத்தையும், ஆங்கிலப் பத்தியில் வழக்கிலுள்ள ஒன்றிரண்டு எழுத்துக்கூட்டல்களையும் இயல்பாக அமைத்தல் வேண்டும். பண்டத்தின் பெயரே அறியாத அயலவர்க்காக, 'வறுத்த பயற்றம்மாவும் தேங்காய்ப்பூவும் சேர்ந்த யாழ்ப்பாணத்து இனிப்பு' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரி இருத்தலும் நன்று.

5. அளவும் வேகமும்

இன்றைய கைத்தொலைபேசி எடுக்கும் படம் பொதுவாக 4000 பிக்சல் அளவு அகலமும் சில மெகாபைட் கனமும் கொண்டது. அத்தகைய பத்துப் படங்களைக் கொண்ட பக்கம் மெதுவாகவே திறக்கும். காத்திருக்க மனமின்றி வந்தவர் திரும்பிவிடுவார். பக்கத்தின் பிரதான பகுதி 2.5 வினாடிக்குள் தோன்றுவதே நல்ல வேகம் என்பது கூகிள் வகுத்துள்ள அளவுகோல்.

சாதாரணப் பக்கம் ஒன்றுக்கு 1200 முதல் 1600 பிக்சல் வரையிலான அகலம் போதுமானது. அவ்வளவுக்குச் சுருக்கிச் சேமிக்கும்போது பல படங்கள் 300 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். ஜேபெக் வடிவம் எங்கும் ஏற்கப்படுவது. வெப்பி என்னும் வடிவம், ஏறத்தாழ அதே தெளிவுடன், ஜேபெக்கைவிட 25 முதல் 34 சதவீதம் வரை சிறியது எனக் கூகிளின் ஒப்பீடு கூறுகிறது. ஸ்குவூஷ் என்னும் இலவச இணையக் கருவியில் படத்தை இட்டு, சுருக்குவதற்கு முன்னும் பின்னும் உள்ள தோற்றத்தை அருகருகே பார்த்து முடிவுசெய்யலாம். அதே வேளையில், தெளிவிழந்து மங்கும் அளவுக்குச் சுருக்குவதும் தவறு. படத்தேடலில் மங்கிய படத்தை எவரும் அழுத்துவதில்லை.

6. தேடுபொறியின் கண்ணுக்கு மறையும் படங்கள்

நன்கு எழுதப்பட்ட மாற்றுரை இருந்தும் சில படங்கள் தேடலில் வருவதில்லை. அதற்குரிய காரணங்கள் வழக்கமாக மூன்று.

முதலாவது, படம் பக்கத்தின் உள்ளடக்கமாக அன்றி, வடிவமைப்பின் பின்னணியாக வைக்கப்பட்டிருத்தல். பின்னணிப் படங்களைக் கூகிள் தனது தேடற்பட்டியலில் சேர்ப்பதில்லை. முக்கியமான படத்தைப் பின்னணியில் வைக்க வேண்டாம் எனத் தளத்தை அமைப்பவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது, படம் முகநூற் குழுவிலோ வாட்சப் குழுவிலோ மட்டும் இருத்தல். உறுப்பினராக உள்நுழைந்தே காணக்கூடிய இடத்துக்குத் தேடுபொறி செல்ல இயலாது. அக்குழுக்கள் அறிந்தவர்களுக்குச் செய்தி சேர்ப்பன. அறியாதவர் தேடி வருவதற்கு எல்லோர்க்கும் திறந்த ஒரு பக்கம் வேண்டும்.

மூன்றாவது, செய்தி முழுவதும் படத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருத்தல். பண்டிகை அறிவித்தல்கள் பெரும்பாலும் இவ்வாறே அமைகின்றன. திகதி, நேரம், மண்டபத்தின் முகவரி யாவும் அழகிய வண்ண எழுத்துகளில் படத்தினுள் இருக்கும். பக்கத்தில் ஒரு சொல்லும் இராது. அறிவித்தற் படத்தை வெளியிடுவதில் தவறில்லை. அதிலுள்ள செய்தியை அதன் கீழே சாதாரண எழுத்திலும் மீண்டும் தருதல் வேண்டும். அவ்வாறு செய்தால் தேடுபொறி வாசிக்கும், திரைவாசிப்பி வாசிக்கும், வேண்டியவர் மொழிபெயர்த்தும் அறிந்துகொள்வர்.

7. வெளியிடுமுன்: உரிமையும் தனியுரிமையும்

படத்தைப் பலர் காணச் செய்வதே இப்பாடத்தின் நோக்கம். ஆகவே பலர் காணத் தகாத படம் எது என்பதையும் கூறாது விடுதல் முறையன்று.

இணையத்தில் கிடைத்த அழகிய படமொன்றைத் தமது பண்டத்தின் படமாக எடுத்து வைப்போர் உண்டு. 1968 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, அவுஸ்திரேலியாவில் ஒளிப்படத்துக்கான பதிப்புரிமை பதிவு எதுவுமின்றித் தானாகவே உண்டாகிறது. 'உரிமை பாதுகாக்கப்பட்டது' என்ற குறி படத்தில் இல்லை என்பதால் அது எவரும் எடுக்கத்தக்கது ஆகிவிடாது. படத்தேடலில் தோன்றுவதும் அனுமதி ஆகாது.

மணப்பெண் அலங்காரம், மண்டப அலங்காரம், திருமண உணவு ஆகியவற்றை வழங்குவோர் இங்கு சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. திருமணம், குடும்பப் படம் போன்ற தனிப்பட்ட தேவைக்காகப் பணம் கொடுத்து எடுப்பித்த படங்களின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, எடுப்பித்தவர்க்கே உரியது. வணிகத் தேவைக்காக எடுப்பித்த படங்களிலோ, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, அது பொதுவாக ஒளிப்படக் கலைஞருக்கு உரியது. எனவே, தாம் அலங்கரித்த மணப்பெண்ணின் படத்தைத் தளத்தில் இட விரும்பும் ஒருவர், ஒளிப்படக் கலைஞர் அதனை அனுப்பிவைத்தார் என்பதோடு அமையாது, மணமக்களின் சம்மதத்தையும் எழுத்தில் பெறுதல் வேண்டும். மின்னஞ்சலில் ஒரு வரி போதும். தமது வணிகத்துக்கென ஒளிப்படக் கலைஞரை அமர்த்துவோர், படங்களை இணையத்தளத்தில் பயன்படுத்தும் உரிமையை ஒப்பந்தத்திலேயே குறித்துக்கொள்ளுதல் நலம்.

நடன வகுப்பு, தமிழ்ப் பாடசாலை ஆகியவற்றின் படங்களில் இருப்போர் பெரும்பாலும் சிறுவர்கள். ஆண்டு வருமானம் 30 இலட்சம் டொலரை மீறாத சிறு வணிகங்களுக்கும் அமைப்புகளுக்கும், சில விதிவிலக்குகள் தவிர, 1988 ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டம் பொருந்துவதில்லை. ஆயினும் சட்டம் தடுக்காதவை யாவும் தக்கவை ஆகிவிடா. பிள்ளையின் முழுப்பெயரும் பாடசாலையும் முகமும் ஒரே பக்கத்தில் தேடலுக்கு எட்டுமாறு அமைவதை எந்தப் பெற்றோரும் விரும்பார். பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதத்தைப் பெறுதல், கோப்பின் பெயரிலும் மாற்றுரையிலும் பிள்ளைகளின் பெயர்களைத் தவிர்த்தல், 'சலங்கை அணிந்த மாணவியர் அறுவர் அரங்கில்' என்பது போலப் பொதுவாக எழுதுதல் ஆகியவை போதிய பாதுகாப்பைத் தரும். பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் படம் தேடல் முடிவில் தோன்றினால், அதனை நீக்குமாறு அவரோ பெற்றோரோ பாதுகாவலரோ கூகிளிடம் கோரும் வழி 2021 ஆம் ஆண்டு முதல் உள்ளது. ஆனால் இது தேடல் முடிவிலிருந்து மட்டுமே நீக்கும். மூலப் படத்தை நீக்க, அது உள்ள தளத்தின் பொறுப்பாளரையே நாட வேண்டும்.

வீட்டிலிருந்து வணிகம் செய்வோர் இன்னுமொன்றையும் அறிதல் வேண்டும். கைத்தொலைபேசியில் எடுத்த படத்தினுள், அது எடுக்கப்பட்ட இடத்தின் துல்லியமான ஆள்கூறுகள் மறைந்திருக்கக்கூடும். சமையலறையில் எடுத்த பணியாரப் படம், முகவரி எங்கும் எழுதப்படாதிருந்தும், வீட்டைக் காட்டிக் கொடுத்துவிடலாம். கமராவுக்கான இட அனுமதியைத் தொலைபேசியின் அமைப்பில் நிறுத்திவிட்டால் புதிய படங்களில் அது பதியாது. ஐபோனில் படத்தைப் பகிரும்போது தெரிவுகளுள் இடத்தை நீக்கும் வசதி உண்டு. விண்டோஸ் கணினியில் கோப்பின் பண்புகளைத் திறந்து, விபரங்கள் என்னும் பகுதியில் தனிப்பட்ட தகவல்களை அகற்றலாம்.

8. பயிற்சி

தளத்திலுள்ள ஒரேயொரு படத்தைத் தெரிவுசெய்து பின்வரும் வினாக்களுக்கு விடை காண்க.

1. கோப்பின் பெயரை வாசிக்கும் ஒருவர், படத்தைக் காணாமலே அதிலுள்ளதை ஊகிக்க இயலுமா?
2. மாற்றுரைப் பெட்டி நிரப்பப்பட்டுள்ளதா? அதனை உரக்க வாசித்தால் இயல்பான வாக்கியமாக ஒலிக்கிறதா?
3. படத்தின் அருகில் அதைப் பற்றிய சொற்கள் உள்ளனவா? பெயரின் பிற வடிவங்களும் இடம்பெற்றுள்ளனவா?
4. படத்தின் கனம் 300 கிலோபைட் அளவில் உள்ளதா? தெளிவு குன்றவில்லையே?
5. படத்தினுள் எழுதப்பட்ட செய்தி பக்கத்திலும் எழுத்தாக உள்ளதா?
6. படத்தைப் பயன்படுத்தும் உரிமையும், அதிலுள்ளோரின் சம்மதமும் எழுத்தில் உள்ளனவா? இட அடையாளம் நீக்கப்பட்டதா?

ஆறுக்கும் விடை கண்டபின் அடுத்த படத்துக்குச் செல்லலாம். நாளொன்றுக்கு இரண்டு படங்கள் எனச் செய்தால், பதினான்கு படங்களும் ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

செய்த மாற்றத்தின் பயன் மறுநாளே தெரியும் என எதிர்பார்த்தல் கூடாது. தேடுபொறி பக்கத்துக்கு மீண்டும் வந்து படங்களைப் பட்டியலிடச் சில நாள்களோ வாரங்களோ ஆகலாம். தீபாவளிக்கான பக்கத்தைப் பண்டிகைக்கு முதல் வாரத்தில் வெளியிடுவதால் பயன் குறைவு. இரண்டு மாதங்களுக்கு முன்னரே ஆயத்தம் செய்தல் வேண்டும். ஆண்டுதோறும் புதிய பக்கம் அமைக்காமல் அதே பக்கத்தைப் புதுப்பித்து வருவதும் நன்மை தரும். கூகிள் சேர்ச் கொன்சோல் என்னும் இலவசச் சேவையில் தளத்தைப் பதிவுசெய்து, தேடல் வகையைப் படம் என மாற்றினால், எச்சொற்களைத் தேடியோர்க்கு இத்தளத்தின் படங்கள் தோன்றின, அவர்களுள் எத்தனை பேர் அழுத்தினர் என்பவற்றைக் காணலாம். எதிர்பாராத எழுத்துக்கூட்டல் ஒன்று அப்பட்டியலில் காணப்பட்டால், அதனைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்க.

முதலிடத்தில் தோன்றுவதை எவரும் உறுதியளிக்க இயலாது. பணம் பெற்றுக்கொண்டு அவ்வாறு உறுதியளிப்போரிடம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். இப்பாடத்தில் கூறப்பட்டவற்றுள் எதற்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பணியாரத்தைத் தேடும் மகளுக்கும், திரைவாசிப்பியின் குரலைக் கேட்டிருக்கும் முதியவருக்கும் தேவைப்படுவது, படத்தை உள்ளவாறு எடுத்துரைக்கும் அதே ஒரு வரியே.